பெரிய டாக்டர் வெளியே நின்றார்

அன்பு மகளுக்கு,

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு டீச்சர் எழுதுகிறாள். போன வாரம் கரிவலம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், கொரோனா வருஷத்தில் மதுரையில் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றியவராம். பொத்தானை அவிழ்த்துத் தழும்பைக் காட்டினார்.

"அண்ணாச்சி, தொண்டையில குழாய் விடும்போதுதான் கிருமி தெறிக்குமாம். மயக்க டாக்டரம்மா மூஞ்சியெல்லாம் மூடிக்கிட்டு, எம்மேல பிளாஸ்டிக் தாளை விரிச்சாவ. 'எல்லாரும் வெளிய நில்லுங்க, நான் கூப்பிட்டப்புறம் வாங்க'ன்னாவ. அறுக்குத பெரிய டாக்டரே வெளிய போயிட்டாரு! நான் நடுங்குதேன். ஊரைக் கேட்டாவ. கரிவலம்னேன். 'பயப்படாதீங்க, நான் சங்கரன்கோவில் தறிக்கார ஆவுடையப்பன் மக'ன்னாவ."

கொரோனாவுக்கு முந்திய தையில், உன் தம்பி கல்யாணத்தில், மூன்றாம் பந்தி. நீ என்ன டாக்டர் என்று சம்பந்தி கேட்டதற்கு, "அறுக்குத டாக்டர் இல்ல, சும்மா மயக்க ஊசி போடுதவதான்" என்றேன். உன் இலையில் அப்போதுதான் பாயசம் விழுந்தது. நீ எழுந்து போனாய். அதற்குப் பிறகு இந்த வாசலுக்கு வரவில்லை. அப்படியிருந்தும் அந்த மனுஷனிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறாய்.

ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று, "அது எம் மகதாம்வே!" என்று கத்தினேன்.

"உக்காரும் பெருசு, உம்ம நெஞ்சையும் அறுக்கணுமா?" என்றார் கண்டக்டர்.

"அறுக்கட்டும்வே! எம் மக கூப்பிடாம எவனும் கத்தியத் தொட முடியாது" என்றேன்.

அன்று பந்தியில் நான் சொன்னதைக் கேட்டவர்கள் பதினோரு பேர். பத்துப் பேர் வீட்டுக்கும் நடந்துபோய் மாற்றிச் சொல்லிவிட்டேன். மிச்சம் நீ ஒருத்திதான். உன்னிடம் டீச்சர் கையால் சொல்ல முடியாது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வா.

உன் அப்பா