தொப்பி வாத்துக்குள் அப்பா

12.5.2024

அன்பு சாந்தினி,

நான் உயிரோடு இருக்கிறேன், சாப்பாடு இறங்குகிறது. ஜெலாப்பாங் பேக்டரியில் நின்று நின்று உன் கால் வீங்குவதை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

கவிஷாவுக்கு இன்னொரு தொப்பி வாத்து வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். இந்த ஜெயிலில் சீனர், மலாய்க்காரர், யாராக இருந்தாலும் டிவியில் அந்த வாத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். "என் பிள்ளைக்கும் ஒண்ணு வரைஞ்சு கொடு அண்ணே" என்று பிடுங்கி எடுக்கிறார்கள்.

அன்றைக்குக் கோர்ட் வாசலில் பிள்ளையிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அப்பா ஜொகூர் பூங்காவில் தொப்பி வாத்து வேஷம் போடப் போறேன், லீவே கிடைக்காது என்று. இரண்டு வருஷமாக நீயும் அந்தப் பொய்யைக் காப்பாற்றி வருகிறாய். இன்னும் ஆறு வருஷம், சாந்தினி. அப்பன் ஒருத்தனை அடித்துக் கொன்றவன் என்று ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

உன்
தர்மேந்திரன்

28.5.2024

அன்புள்ள கவிஷா அப்பாவுக்கு,

கடிதமும் படமும் வந்தன. படத்தை அவளிடம் கொடுக்கவில்லை.

ஸ்கூல் லீவுக்கு ஈப்போ மாலில் தொப்பி வாத்து வருகிறது என்று நம் சிலிபின் வட்டாரம் முழுக்கப் பேச்சு. நான் மழுப்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு தினேஸ்வரி அக்கா, "நான் கூட்டிப் போறேன்லா" என்று சொல்லிவிட்டார். கவிஷா விடுவாளா? நானும் போனேன்.

வாத்தைக் கண்டதுதான் தாமதம், "அப்பா!" என்று ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுபோல் அது குனிந்து இவளையும் முதுகில் தட்டிக்கொடுத்தது. இவள் அதன் அலகில் வாயை வைத்து, "வீட்டுக்கு வாங்கப்பா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்பா" என்கிறாள். எவ்வளவு இழுத்தும் பிடியை விடவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசியில் அது தலையைக் கழற்றியது. உள்ளே ஒரு மலாய்ப் பெண், பதினெட்டு வயசு இருக்கும். வேர்த்து ஊற்றுகிறது, கண்ணெல்லாம் தண்ணீர். "மாஆப் அடேக், மாஆப்" என்று என் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாள். நாம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு.

இரண்டு நாளாகக் கவிஷா சரியாகச் சாப்பிடவில்லை. இனி என்னால் ஆகாது. உண்மையைச் சொல்லப் போகிறேன். ஜூன் 22 சனிக்கிழமை உங்களைப் பார்க்கக் கூட்டி வருகிறேன்.

சாந்தினி

6.6.2024

சாந்தினி,

உன் காலில் விழுகிறேன், கூட்டி வராதே. மாலில் வந்தது வேற ஆளு, உங்கப்பா ஜப்பானுக்குப் போயிட்டாரு என்று சொல்லு. என்ன வேண்டுமானாலும் சொல்லு. மொட்டைத் தலையும் கைதிச் சட்டையுமாக என்னை அவள் பார்க்கக் கூடாது. அந்த வாத்தை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும்! என்னிடம் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது?

தர்மேந்திரன்

23.6.2024

தர்மேந்திரனுக்கு,

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காம்பாரில் நடந்த சண்டை, நீங்கள் அடித்தது, அந்த மனிதர் செத்தது, எல்லாம். மடியில் கிடந்து அழுதாள். பிறகு அவளே எழுந்து, "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தா பரவால்லமா. முகத்தப் பாத்தா போதும்" என்றாள்.

நேற்று தீபாவளிச் சட்டையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு பஸ் மாறி வந்தோம். ஒரு மணி நேரம் கண்ணாடிக்கு முன்னால் இருந்த நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு காவலர் வந்து, யாரையும் பார்க்க விருப்பமில்லை என்று நீங்கள் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

சீ! உங்களுக்கு உங்கள் வெட்கம்தான் பெரிசு. கொலை செய்தவர் என்று தெரிந்தும் பிள்ளை வந்தாளே, எழுந்து பத்து அடி நடந்து வர முடியவில்லையா? இனி கடிதம் போடாதீர்கள். வந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

திரும்பி வரும்போது பஸ்சில் கேட்டாள், "அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையாமா?"

இரண்டு வருஷமாக அவளிடம் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை.

சாந்தினி