சுத்தியலுக்குக் கீழே என்ன எழுதுவது

என் கோகா பாபு,

எல்லாரும் படிக்கிற இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோகா என்றால் பெங்காலியில் சின்னப் பையன். எழுபது வயது தாண்டியும் காளிகாட்டில் நம் சந்தே உங்களை அப்படித்தான் கூப்பிட்டது. நான் மட்டும் கூட ஒரு பாபுவைச் சேர்த்து, மாமாவுக்கும் அத்தைக்கும் கேட்காமல் கூப்பிடுவேன்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அழுகை வருகிறது. ஆனால் நீங்கள் விட்டுப்போன வேலையை நான் விடவில்லை. காளிகாட்டிலிருந்து பல்தாவுக்கு ஓடி, நீங்கள் சிறுபிள்ளையாக இருந்தபோதே நின்றுபோன அந்தக் குட்டி ரயிலைத் தேடித்தானே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னை இழுத்துக்கொண்டு அலைந்தீர்கள்? தண்டவாளம் இருந்த இடமெல்லாம் ரோடாகிவிட்டது. மிச்சம் மீதி கிளப் அறைகளிலும் பள்ளிக்கூட அலமாரிகளிலும் சின்னச் சின்ன மியூசியமாகக் கிடக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். பெங்காலி பேசுவேன், படிக்க வராது. அதனால் என்ன, கேட்க வாய் இருக்கிறதே.

போன மாதம் பஸ் ஏறி ஆம்தலா மியூசியத்துக்குப் போனேன். அதை நடத்துகிற சுஷாந்தோ வாத்தியார் வாசலிலேயே உங்களைத் தேடினார். எனக்கு அவர் தாதா, அண்ணன்; அவருக்கு நான் பௌதி, அண்ணி. சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். பிறகு டீ வரவழைத்தார்.

அவரிடம் நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்களே, உங்கள் அப்பா எஞ்சினில் கரி உடைத்த சுத்தியலைத் தருகிறேன் என்று. அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். வெளியே துர்கா பூஜை மேளம் முழங்க, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மாமா தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைத்த சுத்தியல். தேங்காய் நாரால் தேய்த்து இரும்பைக் கண்ணால் பார்க்கவே ஒரு மத்தியானம் ஆனது. வாத்தியார் அட்டைகூட எழுதித் தயாராக வைத்திருந்தார், படித்துக் காட்டினார்: "தமிழ் எஞ்சின் டிரைவர் ஒருவரின் சுத்தியல்."

கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பௌதி, தப்பா நினைக்காதீங்க. கரி உடைக்கிற சுத்தியலுக்குப் பிடி குட்டையா இருக்கும். இவ்வளவு நீளத்தை எஞ்சினுக்குள்ள எங்க ஓங்குறது? பக்கத்துல நிக்கிறவன் மண்டை போயிடும்."

"அப்போ இது என்ன?"

"தண்டவாளத்துல ஆணி அடிக்கிறது. உங்க மாமனார் கேங்மேனா இருந்திருப்பார். லைனோட நடந்து, தளர்ந்த ஆணியை இறுக்கிட்டுப் போறவங்க."

"என் புருஷன் பொய் சொல்ல மாட்டார்."

"பொய்னு நான் சொல்லலியே பௌதி. டீ ஆறுது, குடிங்க."

டீயை வைத்துவிட்டு வெளியே வந்தேன். முற்றத்தில் பழைய கட்டைகளைப் போட்டு, மேலே இரண்டு துண்டுத் தண்டவாளம் பொருத்தியிருக்கிறார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதன்மேல் நடந்து பார்த்தேன். கட்டைக்குக் கட்டை கால் வைத்தால் எட்டி நடக்க முடியவில்லை. குட்டி எட்டுதான் வருகிறது, கண்ணும் கீழேதான் இருக்க வேண்டியிருக்கிறது. அப்படியே நின்றுவிட்டேன். இது மாமா நடையல்லவா! காளிகாட் சந்தில், அவ்வளவு கூட்டத்திலும், குனிந்த தலையோடு அளந்து வைத்த மாதிரி குட்டி எட்டு. நீங்கள் பின்னால் அதேபோல நடந்து காட்டி என்னைச் சிரிக்க வைப்பீர்கள்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் "எங்கப்பா எஞ்சின் டிரைவர்" என்பீர்கள். மாமா ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அடக்கமான மனுஷர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் நல்லவர். "உங்க இஷ்டம் பௌதி. நீங்க சொல்றதையே எழுதுறேன்" என்றார். நம் பெண் பவானிக்கு நியூ டவுனுக்குப் போன் போட்டேன்.

"எதுக்கும்மா மாத்தணும்? அப்பா சொன்னதே இருக்கட்டுமே. அப்பா ஆசை ஆசையா சொன்னது. ஆம்தலால யாரு வந்து பாக்கப்போறா?"

"பாக்கறவங்களுக்காகவாடி எழுதுறது? அது உங்க தாத்தா தூக்கின சுத்தியல்."

"அப்பாவ எல்லாரும் பொய்யர்னு நினைப்பாங்கம்மா."

அந்த வார்த்தை குத்தியது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதுதான் ஓடியது. உங்கள் பேச்சைக் காப்பாற்றினால் மாமா வெயிலிலும் மழையிலும் நடந்ததெல்லாம் இல்லாமல் போகிறது. அவர் நடந்ததை எழுதினால் உங்கள் பேச்சு விழுகிறது. நான் உங்கள் பெண்டாட்டி. ஆனால் அந்த வீட்டில் அவருக்குப் பதினோரு வருஷம் சோறு போட்டவளும் நான்தான். அவர் ஒருநாள்கூட எஞ்சினைக் கேட்கவில்லையே. கேட்டது நீங்கள்தானே?

மறுவாரம் போய்ச் சொல்லிவிட்டேன். "கேங்மேன்னு எழுதுங்க தாதா. அவர் பேரையும் போடுங்க. பெங்காலியில நீங்க எழுதுங்க, தமிழ்ல நான் எழுதித் தர்றேன்." எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் பெரிதாக எழுதினேன், தள்ளி நின்றாலும் தெரியும். கண்ணாடிக்குள்ளே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். கீழே ஒரு வரியில், இதைப் பத்திரமாக வைத்திருந்தவர் அவருடைய மகன் என்று உங்கள் பேரும் இருக்கிறது. பவானிக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அடுத்த ஞாயிறு தானும் வருகிறாளாம்.

நாங்கள் பல்தா வரைக்கும் போவோம். கடைசி ஸ்டேஷன் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்காமல் திரும்ப மாட்டேன், இது சத்தியம்.

ஒன்று மட்டும் வாத்தியாரால் சொல்ல முடியவில்லை. ஒருநாள் உங்களை எஞ்சினில் ஏற்றிக்கொண்டு போனதாகச் சொல்வீர்களே, அதை நான் நம்புகிறேன். லைனில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளை டிரைவர்கள் அப்படி ஏற்றிக்கொள்வது உண்டாம். அப்படியென்றால் மாமா கீழேதான் இருந்திருப்பார், சுத்தியலும் கையுமாக, ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கி. கோகா பாபு, அவரைத் தாண்டிப் போனபோது நீங்கள் கையசைத்தீர்களா?

உங்கள் மனைவி,
அந்தக் கேங்மேன் வீட்டு மருமகள்