முப்பத்தொரு ஓநாய்கள்

பிப்ரவரி 6, வியாழன்

புத்தகப் பெட்டி வந்து சேர்ந்தது. மொத்தம் ஒன்பது. எட்டு ரஷ்ய மொழி, ஒன்றுதான் நம் கிர்கிஸ். பாலர் பள்ளியில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஒருத்தி அதற்குள் ஒரு அட்டையின் மூலையைக் கடித்துப் பார்த்துவிட்டாள்.

தலைமை ஆசிரியை தொக்தோபுபு அக்கா அந்த ஒன்றை என் கையில் கொடுத்தார். “மார்ச் கடைசில மாவட்டத்துலேருந்து அதிகாரி வருவாங்க. நீ படிக்கிறத உக்காந்து கேப்பாங்க. அதுக்கப்புறம்தான் உன் வேலை நிரந்தரமா இல்லையான்னு தெரியும்.”

புத்தகத்தின் பெயர் ‘ஓநாயின் தொப்பி’. வீட்டுக்கு வந்து எண்ணினேன். அந்தச் சொல் முப்பத்தொரு இடத்தில் வருகிறது.

பிப்ரவரி 7

மாமனாருக்குப் பெயர் வைத்தவர் வேறு மிருகத்தையே பார்த்ததில்லை போலும். போரூபாய். போரூ என்றால் ஓநாய். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. பெயருக்குள் இருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. கல்யாணமாகி ஆறு வருஷம், ஒரு தடவை சொன்னதில்லை. ஆட்டுக் கிடைக்குள் அது புகுந்த அன்றுகூட “ஊளையன் வந்துட்டான்” என்றுதான் கத்தினேன். எழுதத் தடை இல்லை என்று நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் கேட்கவில்லை.

அத்தைக்கு அது புருஷன் பெயர். முப்பத்தெட்டு வருஷமாக அவரும் சொன்னதில்லை. அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டப்போறியா, உங்க மாமா பேரை ஏலம் போடப்போறியா?”

பிப்ரவரி 10, திங்கள்

வாசித்தேன். முப்பத்தொரு இடத்திலும் ‘ஊளையன்’. பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டும் கட்டிக் கொடுத்தேன்:

ஊளையா ஊளையா தொப்பி எங்கேடா
காத்து தூக்கிப் போச்சு, காது குளிருதடா

சாப்பாட்டு நேரத்திலும் அதே பாட்டு. கஞ்சி ஆறிப்போனது.

பிப்ரவரி 19

ஒரு பையனின் அப்பா காலையில் வாசலில் நின்றார். தொலைக்காட்சியில் ஓநாயைப் பார்த்து மகன் ‘ஊளையன்’ என்றிருக்கிறான். அப்பா திருத்த, அவன் தரையில் புரண்டு அழுதிருக்கிறான். “கதை படிக்கிற அக்காதான் சொன்னாங்க” என்றானாம்.

தொக்தோபுபு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பெரிசாத், உன் வீட்டு மரியாதை எனக்குத் தெரியாதா? நானும் ஒரு வீட்டுக்கு மருமகதான். ஆனா நாளைக்குப் பெரிய பள்ளிக்கூடத்துல படத்தைக் காட்டிக் கேக்கிறப்ப இதுங்க ஊளையன்னு சொன்னா, என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. அதிகாரி முன்னாடி ஒழுங்கா படி. இல்லேன்னா நான் உனக்காகப் பேச முடியாது.”

இந்த வேலை எனக்கு வேண்டும். இங்கே எழுதினால் யாருக்கு என்ன? வேண்டும். இல்லையென்றால் மே மாதம் மந்தையோடு மேலே, மலை மேய்ச்சலுக்குப் போக வேண்டியதுதான். ஐந்து மாதம் சமையல், பால், வெண்ணெய். அது மோசமான வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து மணிக்கு நான் புத்தகத்தைத் திறந்ததும் இருபத்திரண்டு முகம் நிமிரும். மாடு அப்படிப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 24

இன்று யோசித்துச் செய்யவில்லை. “மரத்துக்குப் பின்னால் நின்றது ஒரு பெரிய—” அங்கே நாக்கு நின்றுவிட்டது. என் மகள் தன்சுலு முன்வரிசையிலிருந்து “ஓநாய்” என்றாள். நாலு வயசு. பேத்திக்கு ஏது தடை? அடுத்த இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். எல்லாரும் கத்தினார்கள். அப்படியே கடைசிவரை.

நான் சொல்லவில்லை. சொல்லவைத்தேன். இது எதில் சேர்த்தி?

மார்ச் 4

அத்தை காதுக்குப் போய்விட்டது. “சொல்லாமயே சொல்ல வைக்கிறியாமே. கெட்டிக்காரிதான்.” திட்டா, பாராட்டா? முகத்தில் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் தன்சுலுவுக்குப் படித்துப் பழகினேன். அத்தை பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் நிறுத்துகிற இடத்திலெல்லாம் அவர் கையும் நின்றது.

மார்ச் 21

நவ்ரூஸ் புத்தாண்டு. அண்டா நிறைய கோதுமைக் கூழ் கிண்டினோம். தோள் வலி.

மார்ச் 27, வியாழன்

அதிகாரி வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, கையில் நோட்டு. தன்சுலு காய்ச்சலில் வீட்டில். மற்ற இருபத்தொன்றும் அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தன.

“மரத்துக்குப் பின்னால் நின்றது ஒரு பெரிய—”

யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடி படித்தேன். மறுபடியும் இல்லை. அதிகாரி நிமிர்ந்தாள். “என்னம்மா, எழுத்து தெரியலையா?” தெரியும் என்றாவது சொல்லியிருக்கலாம். போச்சு, எல்லாம் போச்சு, மேலே போய் வெண்ணெய் கடைய வேண்டியதுதான்.

வாசல் பக்கமிருந்து ஒரு குரல்: “ஓநாய்.”

அத்தை. விருந்தாளியின் தேநீருக்கென்று போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்து எடுத்து வந்திருக்கிறார். கிண்ணம் கையிலேயே இருந்தது. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன, ஒருத்தன் சிரித்தான், பிறகு எல்லாம் சேர்ந்து கத்தின. மிச்சம் முப்பதையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி நோட்டில் ‘பிள்ளைகளையும் பேசவைக்கும் புதிய முறை’ என்று எழுதியதை எட்டிப் பார்த்தேன். அத்தை கிண்ணத்தை வைத்துவிட்டுத் தேநீருக்கு நிற்காமல் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும், “அத்தை, இன்னிக்கு நீங்க—” என்று ஆரம்பித்தேன்.

“எழுத்து தெரியாத மருமகள்னு ஒருத்தி எழுதி வச்சுட்டுப் போறத நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? கை கழுவு. பால் பொங்குது.”

ஏப்ரல் 16

உத்தரவு வந்தது. என் பெயர் இருக்கிறது. தொக்தோபுபு அக்கா இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

அத்தையிடம் சொன்னேன். “அப்ப இந்த வருஷம் நான்தான் மேலே போகணும்” என்றார். போன வருஷமே முட்டி வலி, இனி மலையேற மாட்டேன் என்றவர். நான் ஏதோ சொல்ல வந்தேன். “பேசாம போ” என்றார்.

மே 5

மாமனாரும் அத்தையும் நாளைக் காலை மந்தையோடு கிளம்புகிறார்கள். அத்தை உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். முற்றத்தில் மாமனார் கூடாரக் கம்பளியைச் சுருட்ட, நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன். அதிகாரி வந்த அன்று நடந்ததைப் பற்றி அவர் இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அன்னிக்கு உங்க அத்தை சொன்னாளாமே” என்றார்.

“ஆமா மாமா.”

“சத்தமாவா?”

“இல்ல. மெதுவாத்தான் சொன்னாங்க.”

முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்தார். “இத்தனை வருஷத்துல ஒரே தடவை. அப்பப் பாத்து நான் கொட்டகையில ஆட்டுக்குப் புல்லு போட்டுக்கிட்டிருந்தேன்” என்றார்.