விழா மண்டபத்தில் மச்சான்

பாப்பாவின் அம்மாவுக்கு அன்புடன்,

உன் உடம்பு தேவலையா? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

தலைநகரில் வருடாந்திர இசைவிழா தொடங்கிவிட்டது. விழா மண்டபத்தில் வேலை என்று சொன்னேன் அல்லவா? அங்கே கழிப்பறை கழுவுகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நேற்று உன் அண்ணன் தன் குழுவோடு வாசிக்க வந்திருந்தார். நான் வாளியோடு வெளியே வருகிறேன், எதிரே மச்சான், பட்டுச் சட்டையும் கையில் வயலினுமாக.

“மாப்ளே! உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்!” என்று கையைப் பிடிக்க வந்தார். குழுவே வேடிக்கை பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

“ஆள் தெரியாம பேசுறீங்க, சார்” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். “மன்னிச்சுக்குங்க தம்பி. எங்க வீட்டு மாப்பிள்ளை ஜாடை உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் வாசித்ததைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். முடிந்ததும் மன்னிப்புக் கேட்க ஓடினேன். வண்டி கிளம்பிவிட்டது. வாசல் காவலாளி ஒரு பையை நீட்டினார். உள்ளே நீ தைத்த சட்டை.

“வயலின்காரர் குடுத்தாரு. யாருங்க அவரு?”

“எங்க மச்சான்” என்றேன், அப்போதுதான்.

சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது, அடுத்த தடவை பிடித்துத் தை. பாப்பாவின் படம் ஒன்று அனுப்பு. மேஸ்திரி கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

மச்சான் வந்தால், என்னைப் பார்க்க முடியவில்லை என்றுதான் சொல்வார். நம்பாதே.

உன் வீட்டுக்காரன்