வாவியில் விடாத சட்டை

பெரியகல்லாறு,
வைகாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கஜானிக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும், உன்னோடு இருக்கும் அந்தப் பிள்ளை விதுர்ஷாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று அம்மாளை நேர்ந்துகொண்டு எழுதுகிறேன். அவளுடைய பெயரை எழுத எனக்கு இவ்வளவு நாள் எடுத்தது, குறை நினையாதே. போனில் சொல்லத் தொடங்கினால் வேறு கதைக்குப் போய்விடுகிறேன். காத்தான்குடி ஸாதியா டீச்சர் கனடாவுக்கு வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வாவியில் இந்த முறை இறால் பரவாயில்லை. அப்பா விடிய வலைக்குப் போய் மத்தியானம் வருவார். சித்திரை வருடப்பிறப்பன்று நீ, எனக்குப் பெண்பிள்ளைகளைத்தான் பிடிக்கும், விதுர்ஷாவோடுதான் என் வாழ்க்கை என்று சொன்னதிலிருந்து அவர் உன் பெயரை எடுக்கவில்லை. நானும் பயந்துபோய்த்தான் இருந்தேன். கதிர்காமத்தம்பி மாமாவிடம் அப்பாதான் சொல்லியிருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை நான் சந்தைக்குப் போய் வந்து பார்க்கிறேன், வாவிப் பக்கத்துத் தாழ்வாரத்தில் பாய் விரித்து ஒரு பெண் படுத்திருக்கிறாள். உன் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. நீதான் சொல்லாமல் வந்துவிட்டாய் என்று நினைத்தேன். கிட்டப் போனால் வைக்கோல். முகம் அரிசி மாவில் பிசைந்தது, கண்ணுக்குக் கரி, தலைக்கு உன் பழைய சீப்பில் சிக்கியிருந்த முடி. பக்கத்தில் மாமாவும் ஒரு மந்திரக்காரரும். பிள்ளையில வாவியில செத்த பொம்பிள ஒருத்தி ஏறியிருக்கா தங்கச்சி, அவதான் இந்த ஆசைய வைக்கா, உருவத்தத் தண்ணியில விட்டாச் சரி என்றார் மாமா. தாய் அதைப் பார்த்து, எண்ட பிள்ளைய விட்டுப் போ என்று சொல்ல வேண்டுமாம்.

நானும் உட்கார்ந்தேன். போ என்று சொல்லத்தான் குனிந்தேன். சட்டைக் கழுத்தில் நான் போட்ட தையல் அப்படியே இருக்கிறது. உனக்கு நான் இதைச் சொன்னதில்லை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை நேரம் நான் சின்னப் பிள்ளை, இதே வாவியில் செத்த ஆட்கள் மிதந்து வருவார்கள், முகம் இருக்காது. கரையில் நிற்கும் தாய்மார் சட்டையைக் கண்டுதான், ஐயோ எண்ட பிள்ள என்று விழுவார்கள். அந்தத் தண்ணீரில் உன் சட்டையை நானே இறக்கிவிடுவதா? பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினேன். வைக்கோலில் கைபட்டால் உன் விலா எலும்பில் படுவதுபோல் இருந்தது. உனக்கும் ஏறிட்டுது, ஊர் சிரிக்கப் போகுது என்று மாமா கத்தினார். எண்ட பிள்ளையில ஒண்டும் ஏறல்ல அண்ணே, அவக்குப் பொம்பிளப் பிள்ளையிலதான் விருப்பம், அவ வாயாலயே எனக்குச் சொன்னவ என்று வேலிக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன். நீ ஊருக்குச் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன், கோபிக்காதே மகள். மாமா அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை, வருகிற கிழமை நடக்கிற அவருடைய மகளின் கலியாணத்துக்கும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அப்பா வலையால் வந்து அந்த மா முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டையை என் கையிலிருந்து வாங்கி, கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தார். தான் உடுக்கிற சாரத்தைக்கூட அவர் தோய்த்ததில்லை. கொடியில் விரித்துவிட்டு வந்து, கஜானி சாப்பிட்டாவாமா என்று கேட்டார்.

ஆனால் எனக்கு இன்னும் தெளியவில்லை. கொடியில் இன்னும் எடுக்காமல் கிடக்கிற அந்தச் சட்டை காற்றுக்கு அசைந்தால் கதவைச் சாத்திவிடுகிறேன். தாழ்வாரப் பக்கம் போகவே பயம். கண்ணை மூடி உன்னை நினைத்தால் மா முகம்தான் வருகிறது, உன் முகம் வர மாட்டேன் என்கிறது.

கோயிலில் உங்கள் இரண்டு பேருக்கும் அருச்சனை செய்யப் போனேன், ஐயர் விதுர்ஷாவின் நட்சத்திரம் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. கேட்டு எழுது. குளிர் காலம் வந்தால் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாள் துணையாக உங்கள் இருவரோடும் இருப்பாள். மறக்காமல் உன் படம் ஒன்று உடனே அனுப்பு. சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளையும் பக்கத்தில் நிற்கட்டும். கண் மட்டும் நன்றாகத் திறந்திருக்கட்டும்.

எப்போதும் உன்,
அம்மா