விட்டுப் பாடிய ரெண்டு வரி

டேய், செவிலிமேடு பஸ் ஸ்டாப்பில் உனக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்திருக்கிறார்கள். கண்ணீர் அஞ்சலியாம். உன் முகம் தபால்தலை அளவு. உன்னைக் கும்பிட்டு நிற்கும் முதலாளி ஆளுயரம். வெயிலில் புது பிளாஸ்டிக் நாற்றம் வேறு. செத்தது நீயா அவரா என்று பார்க்கிறவனுக்குக் குழம்பும்.

அதே முதலாளிதான். நீ நெய்த சேலைகளை வாங்கி விற்றவர், பட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர், ஆடித் திருவிழாக் கமிட்டிக்கும் தலைவர். நம் ராப் கேசட்டைப் பற்றி யாரோ போட்டுக்கொடுத்ததும் நம்மைக் கூப்பிட்டுவிட்டாரே! ஏசி ரூமில் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "பாட்டாபா இது? வேகமா திட்டிக்கினு இருக்க. மேடையில பாடு, வேணாங்கல. அந்த ரெண்டு வரி மட்டும் வரக் கூடாது."

ஜரிகையில செம்பு, பேச்சுல தங்கம்,
ஏமாத்திப் பொழைக்க எதுக்குடா சங்கம்?

நீ கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க, விட்டுடறேன்" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்ததும் உன்னைக் கண்டபடி திட்டினேன். நீ சிரித்தாய். "அவரு கடையில சாமி பாட்டுதான் ஓடுது. தறி வூட்ல இன்னா ஓடுதுன்னு அவருக்கு எப்டிடா தெரியும்?"

உன் தறிச் சத்தத்தையே தாளமாக வைத்துப் பதிவு செய்த கேசட் அது. தெருத் தெருவாகக் காப்பி போய், நெய்கிறவர்கள் பொழுதுக்கும் அதைத்தான் கேட்டார்கள். யார் என்ன நெய்கிறார்கள் என்று அந்த மனிதருக்குத் தெரியும். எதைக் கேட்டுக்கொண்டு நெய்கிறார்கள் என்று தெரியாது.

திருவிழா மேடையில் அந்த இடம் வந்ததும் நீ வாயை மூடிக்கொண்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாய். நான் பேங்கோஸ் தட்டுவதை நிறுத்தவில்லை. சின்ன காஞ்சிபுரமே அந்த ரெண்டு வரியைக் கத்தியது. முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் அசடு வழிந்தார். "நான் பாடலீங்களே" என்றாய் மைக்கில்.

மறுநாளே உனக்கு நெய்யப் பட்டு நூலும் பாவும் கொடுப்பதை நிறுத்தினார். மற்ற முதலாளிகளும் கொடுக்காதபடி பார்த்துக்கொண்டார். தறி சும்மா நின்றது. நீ ஷேர் ஆட்டோ ஓட்டினாய். மஞ்சள் காமாலையில் நீ படுத்தபோது எட்டிப் பார்க்காத மகான், இப்போது பேனரில் "எங்கள் வீட்டுப் பிள்ளை" என்கிறார். தூ!

நேற்று என்னைக் கூப்பிட்டுவிட்டார். நினைவுக் கூட்டமாம், அவர்தான் தலைமையாம். "அவன் பாட்ட நீயே பாடுபா. அந்த ரெண்டு வரி மட்டும் வேணாம், செத்தவனுக்கு மரியாதையா இருக்காது." இத்தனை வருஷத்தில் அந்த ஆள் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தத் தாளமும் ஒரு பதிலும். கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்: "சரிங்க, விட்டுடறேன்."