சுத்தமான ரிப்போர்ட்டோடு போன அக்காவுக்கு

கீழ் வீட்டில் ஓமம் அவிக்கிறார்கள். வெள்ளவத்தைக் கடற்காற்று அந்த வாடையை என் ஜன்னலுக்குள் கொண்டுவந்து போடுகிறது. பற்றிக்கொண்டு வருகிறது, அக்கா. கொட்டாஞ்சேனையில் உன் நெஞ்சு இறுகியபோதெல்லாம் உன் மாமியார் இதைத்தானே நீட்டினார்? "வாய்வு பிள்ளை, ஏப்பம் வந்தா சரியாப் போகும்." ஏப்பம் வந்தது. மூச்சுத்தான் வரவில்லை.

பிறகு கொள்ளுப்பிட்டியில் அந்தப் பெரிய டொக்டர். உன்னைப் பார்க்காமல் அத்தானைப் பார்த்தே கதைத்தவர். அஞ்சியோகிராம் படத்தில் இதயத்தின் பெரிய ரத்தக் குழாய்கள் சுத்தமாம். "மிஸிஸுக்கு ஒண்டுமில்ல, எல்லாம் மனசுதான்." முன்கதவு திறந்திருக்கிறதைக் கண்டுவிட்டு, உள்ளே எல்லோரும் சுகம் என்று சொல்லிப் போகிற மனுசன்! பெரிய படிப்புத்தான்.

அத்தானுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. ரிப்போர்ட் நல்லபடி வந்தால் அந்தோனியார் திருநாளில் நீ வெறுங்காலோடு ஊர்வலத்தில் அவர் சொரூபத்துக்குப் பின்னால் நடப்பாய் என்று நேர்த்தி வைத்திருந்தாராம். நேர்த்தி அவருடையது, கால் உன்னுடையது.

நான் அங்கே இருக்கவில்லை. நடந்ததை நீயே பிறகு ஆஸ்பத்திரி வார்டில் மூச்சு இளைத்து இளைத்துச் சொன்னாய்.

"எனக்கு ஏலாம இருக்கு, அடுத்த வருசம் நடக்கிறேனே" என்று அத்தானிடம் கெஞ்சினாய்.

"சுகம் தந்தவரையே ஏமாத்தப் போறியா? ரிப்போர்ட் க்ளீன்."

நடந்தாய். சந்தியில், பூட்டியிருந்த நகைக்கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினாய். அத்தானின் தங்கச்சி, அந்த மகாராணி, குனிந்து சொன்னாளாம்: "மச்சி, ஆக்கள் பாக்கிறாங்க, எழும்புங்க." எழும்பினாய். கோயில் வாசலுக்கு முன்னமே விழுந்தாய்.

வார்டில் ஒரு இளம் பெண் டொக்டர்தான் ஸ்கேன் பார்த்து எனக்கு விளக்கினாள். "பெரிய குழாய் சுத்தம்தான் மிஸ். அந்தப் படத்தில தெரியாத சின்னக் குழாய்கள்லதான் பழுது. இதயத் தசைக்கு ரத்தம் போதாம, இடது கீழறை விறைச்சுப் போச்சு. சுருங்கி ரத்தத்தத் தள்ளுது. தளர்ந்து நிரம்பத்தான் ஏலாது. அதால பின்னால நுரையீரல்ல தேங்குது. நடந்தா மூச்சு வாங்குறது அதுதான்."

உன் காதில் அதைச் சொன்னேன். "அப்ப நான் நடிக்கேல்ல, என்னடி?" என்று சிரித்தாய். மறுநாள் போய்விட்டாய்.

செத்த வீட்டில் அத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்: "ரிப்போர்ட் க்ளீனாத்தான் இருந்தது. நேர்த்தியையும் முடிச்சிட்டுத்தான் போனா." தூ! அன்றோடு அந்த மனிதரோடு கதையில்லை.

போன கிழமை காலி வீதி நெரிசலில் ஒரு பெண் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றாள். கூட வந்தவன் "நட, நட" என்று அவசரப்படுத்தினான். அவனை ஒதுக்கிவிட்டு அவளைக் கடைப்படியில் இருத்தினேன். "இருங்க பிள்ளை. ஆர் பாத்தாலும் எழும்பாதீங்க."

உனக்குச் சொல்லக் கிடைக்காததை, அக்கா, கண்டவளுக்கெல்லாம் சொல்லித் திரிகிறேன்.